மலையேறும் வண்டிக்கு ஒரு கலவைக் கணக்கு

தென்னாட்டினின்றும் வடக்கே வந்து குடியேறும் நம் குடும்பங்கள் முதலாண்டிலேயே ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கின்றன. கம்பளிச் சட்டையும் ரஜாயும் இன்றித் தில்லியின் தை மாதத்தைக் கழித்தல் இயலாது என்பதே அப்பாடம். வேட்டியும் மெல்லிய துண்டுமாக வந்திறங்கியவர்கூட அடுத்த தீபாவளிக்குள் குளிர்கால உடுப்பைத் தேடி வைத்துக்கொள்கின்றார். தமக்கு வைத்துக்கொள்கின்றார், மனைவி மக்களுக்கும் வைத்துக்கொள்கின்றார். ஆனால் வாசலில் நிற்கும் மோட்டார் வண்டிக்கும் அத்தகைய காப்பு ஒன்று வேண்டும் என்பதை நம்மில் எத்துணைப் பேர் நினைக்கின்றோம்?

ஒரு காலத்தில் கார் என்பது பெரிய உத்தியோகத்தர் வீட்டு வாசலில் மட்டுமே காணப்பட்டது. இன்று எழுத்தர்களும் ஆசிரியர்களும் தவணை கட்டி ஒரு சிறு வண்டியை வாங்கிவிடுகின்றனர். கோடை விடுமுறையில் அதிலேயே குடும்பத்தோடு ஊருக்குப் போய் வருகின்றனர். டிசம்பர் விடுமுறையில் குழந்தைகளுக்குப் பனி காட்ட மலைக்கும் போகின்றனர். மணாலிக்கு அப்பால் உள்ள லாஹௌல் பள்ளத்தாக்கு முன்னர்க் குளிர்காலத்தில் பனியால் அடைபட்டுக் கிடக்கும். 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பின்னர் அங்கும் குடும்பங்கள் குளிர்காலத்திற் செல்கின்றன. ஆக, மே மாதத்தில் மதுரையின் 40 டிகிரி வெயிலில் நின்ற வண்டியே, ஏழு மாதங்களுக்குப் பின், நீர் கல்லாக உறையும் இரவில் பனிமேல் நிற்கின்றது. இவ்விரண்டையும் தாங்க வேண்டியது அதன் ரேடியேட்டரில் உள்ள நீர். அந்நீரில் எதனை, எவ்வளவு கலக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாம் இரயில்வே அலுவலகமொன்றில் எழுத்தர் வேலை பார்ப்பவரேயன்றிப் பொறியாளர் அல்லோம். ஆயினும் இது பெரும்பாலும் கூட்டல் கழித்தல் கணக்கு. கணக்கெழுதிப் பழகியவர்க்கு இது விளங்காத பொருளன்று. இங்கு டிகிரி என்று வருவன யாவும் செல்சியஸ் அளவே என்பதை மட்டும் அன்பர்கள் நினைவிற் கொள்க.

நீர் உறைந்தால் நேர்வது என்ன?

எஞ்சினுக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியையும் தாண்டுவது. அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை வெளியே கொண்டுபோகாவிடில் உலோகம் தாங்காது. ஆகவே எஞ்சினின் சுவர்களுக்குள் வழிகள் அமைத்து, அவற்றில் நீரை ஓடவிட்டு, அந்நீரை முன்புறத்திலுள்ள ரேடியேட்டரில் காற்றால் குளிர்வித்து, மீண்டும் உள்ளே அனுப்புகின்றனர். வெப்பத்தைச் சுமப்பதில் நீருக்கு நிகரான மலிவான பொருள் வேறில்லை.

ஆனால் நீரிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. ஏனைய பொருள்களிற் பெரும்பாலானவை உறையும்போது சுருங்குகின்றன. நீரோ உறையும்போது விரிகின்றது. 100 பங்கு நீர் பனிக்கட்டியானால் ஏறத்தாழ 109 பங்கு இடம் கேட்கின்றது. மூடிய குழாயினுள் அவ்விடம் ஏது? குழாய் வெடிக்கின்றது, வார்ப்பிரும்பாயினும் அலுமினியமாயினும் எஞ்சினின் சுவர் விரிசல் காண்கின்றது. எஞ்சின் பக்கத்தில் வட்டத் தகடுகள் சில அடித்திருப்பார்கள். நீர் உறைந்தால் அவை வெளியே தள்ளப்பட்டு எஞ்சினைக் காப்பாற்றிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. வார்ப்பு வேலைக்காக விட்ட துளைகளை அடைக்கும் மூடிகளே அவை. அவற்றை நம்பி வண்டியைப் பனியில் விடுதல் தகாது.

“வண்டி ஓடிக்கொண்டிருந்தால் நீர் எப்படி உறையும்?” என்று கேட்பாரும் உளர். எஞ்சின் சூடேறும் வரையில் தெர்மோஸ்டாட் என்னும் கதவு மூடியிருக்கும். அதுவரையில் சூடான நீர் ரேடியேட்டருக்கு வருவதில்லை. முன்னாலிருந்து வீசும் கடுங்குளிர்க் காற்றோ ரேடியேட்டரிற் படுகின்றது. உள்ளே எஞ்சின் சூடேறிக்கொண்டிருக்க, வெளியே ரேடியேட்டர் உறைந்துபோவது நடக்கக்கூடியதே.

இரண்டும் கலந்தால் வரும் வன்மை

கடைகளில் கூலன்ட் என்றும் ஆன்டிஃபிரீஸ் என்றும் விற்கப்படும் திரவத்தின் முதற்பொருள் எத்திலீன் கிளைக்கால் என்பது. இதனைத் தமிழில் உறைதடுப்பு மருந்து எனலாம். அதனோடு துருவைத் தடுக்கும் பொருள்கள் சிலவும், அடையாளத்துக்கு ஒரு சாயமும் சேர்ந்திருக்கும்.

தனி நீர் 0 டிகிரியில் உறையும். தனி எத்திலீன் கிளைக்காலோ பூச்சியத்துக்குக் கீழ் 13 டிகிரி அளவில் உறையும். இவ்விரண்டையும் சம அளவாகக் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழ் 37 டிகிரி வரையில் உறைவதில்லை. தனித்தனியே உறைபவை இரண்டும் கூடினால் உறைய மறுப்பது விந்தையாகத் தோன்றலாம். நீரின் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நின்றாலன்றிப் பனிக்கட்டி உருவாகாது. கிளைக்கால் மூலக்கூறுகள் அவற்றின் இடையே புகுந்து அணியைக் கலைத்துவிடுகின்றன. கிளைக்காலின் அணியை நீரும் அவ்வாறே கலைக்கின்றது. தில்லித் தெருக்களில் குல்ஃபி விற்பவர் பனிக்கட்டியோடு உப்பைச் சேர்ப்பதை நாம் கண்டிருக்கின்றோம். உப்பு சேர்ந்த நீர் 0 டிகிரிக்குக் கீழும் உறையாமல் நின்று குல்ஃபியைக் குளிர்விக்கின்றது. உப்பு உலோகத்தை அரிக்கும். கிளைக்கால் துருத்தடுப்புப் பொருளோடு வருவதால் அரிப்பதில்லை. வேற்றுமை அதுவே.

ஆகவே, “குளிருக்குத்தானே மருந்து? நீரே கலவாமல் முழுவதும் மருந்தாகவே ஊற்றிவிடுவோம், காசு போனாற் போகட்டும்” என்று நினைப்பது தவறு. தனி மருந்து, பாதிக் கலவையைவிட 24 டிகிரி முன்னதாகவே உறைந்துபோகும். அன்றியும் அது நீரளவு வெப்பத்தைச் சுமப்பதில்லை. குழைந்து கனமாக ஓடும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் புகழ்பெற்ற மெர்லின் விமான எஞ்சினின் வரலாறும் இதற்குச் சான்று. அதன் தொடக்க வகைகளில் தனிக் கிளைக்காலையே குளிர்விக்கும் திரவமாக ஓடவிட்டனர். பின்வந்த வகைகளில் 70 பங்கு நீரும் 30 பங்கு கிளைக்காலும் கலந்த கலவைக்கு மாறினர். எஞ்சின் முன்னிலும் குளிர்ச்சியாக ஓடியது. தீப்பற்றும் அச்சமும் குறைந்தது.

அளவுப் பட்டியல்

நூறு பங்கு கலவையில் எத்திலீன் கிளைக்கால் எத்தனை பங்கு இருந்தால், ஏறத்தாழ எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதைக் கீழே தருகின்றோம். எண்கள் யாவும் பூச்சியத்துக்குக் கீழ்.

25 பங்கு: 12 டிகிரி
33 பங்கு: 18 டிகிரி
40 பங்கு: 24 டிகிரி
50 பங்கு: 37 டிகிரி
60 பங்கு: 52 டிகிரி
100 பங்கு: 13 டிகிரி

பனி விழும் இடத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் போகக்கூடிய வண்டிக்குப் பாதிக்குப் பாதியே தக்க அளவு. ஸ்ரீநகரிலும் சிம்லாவிலும் அதற்குரிய குளிர் வருவதில்லையே என்று கேட்கலாம். ஆனால் லே, திராஸ், ஸ்பிதி ஆகிய இடங்களில் குளிர்கால இரவு பூச்சியத்துக்குக் கீழ் 20 டிகிரியையும் தாண்டிப் போவதுண்டு. ஒரு வண்டி எங்கே நிற்கின்றது என்பதன்று, எங்கே போகும் என்பதே அளவைத் தீர்மானிக்க வேண்டும். 60 பங்குக்கு மேற்போவதால் நம் நாட்டில் பயன் ஏதும் இல்லை.

சென்னை, மும்பை, கல்கத்தா போன்ற ஊர்களிலேயே இருக்கும் வண்டிக்கு உறையும் அச்சம் இல்லை. ஊட்டியில் புல்மேல் உறைபனி படிந்தாலும், அக்குளிர் ரேடியேட்டரை வெடிக்கச் செய்யும் அளவினதன்று. ஆயினும் அங்கும் தனி நீர் ஆகாது. துருவைத் தடுக்கும் பொருள்கள் மருந்திலேயே இருக்கின்றன; மருந்து மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அவையும் குறைந்து, உள்ளே அரிப்புத் தொடங்கிவிடும். எந்த ஊராயினும் வண்டியோடு தந்த கையேட்டில் சொல்லிய அளவே முதன்மையானது.

ஓர் அன்பரின் வண்டி

நம் குடியிருப்பில் வாழும் அன்பர் ஒருவரின் வண்டிக்கு நேர்ந்ததைச் சொன்னால் இக்கணக்கின் பொருள் தெளிவாகும். அவருடைய வண்டியில் மொத்தம் 6 லிட்டர் கொள்ளும். தில்லியிற் புறப்படும்போது பாதிக்குப் பாதியாக, அதாவது 3 லிட்டர் மருந்தும் 3 லிட்டர் நீரும் இருந்தன.

மே மாதத்தில் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார். நாகபுரியைத் தாண்டியதும் ஹோஸ் பைப்பின் கிளிப் தளர்ந்து 2 லிட்டர் கொட்டிப்போயிற்று. சாலையோரக் கடையில் கிளிப்பை முடுக்கி, குடத்துநீரை 2 லிட்டர் ஊற்றினர். கொட்டியது கலவை, ஊற்றியது தனி நீர். கொட்டியதில் 1 லிட்டர் மருந்து போயிற்று. எஞ்சியது 6 லிட்டரில் 2 லிட்டர் மருந்து, அதாவது மூன்றில் ஒரு பங்கு.

ஊரில் வேறொரு வேலைக்காக வண்டியைத் திறந்த மெக்கானிக் மேலும் 2 லிட்டரை வெளியே விட்டார். “அண்ணாச்சி, இந்த வெயிலுக்கு எதுக்கு மருந்து? பச்சைத் தண்ணியே போதும்” என்று சொல்லி நீரையே நிரப்பினார். அவர் சொன்னது அவ்வூருக்கு ஒருவாறு பொருந்தும். மருந்து 1 லிட்டரும் 330 மில்லியுமாகக் குறைந்தது. திரும்பி வரும் வழியில் மேலும் 1 லிட்டர் குறைந்து, அதற்கும் நீரே ஊற்றப்பட்டது. தில்லி வந்து சேர்ந்தபோது 6 லிட்டரில் மருந்து 1 லிட்டரும் 110 மில்லியுமே. நூற்றுக்கு 18 அல்லது 19 பங்கு. அது பூச்சியத்துக்குக் கீழ் 7 டிகிரி வரையில்தான் தாங்கும். நிறம் மட்டும் வெளிறிய பச்சையாகவே இருந்தது. தொட்டியைத் திறந்து பார்த்தவர்க்கெல்லாம் மருந்து இருப்பதாகவே தோன்றிற்று.

டிசம்பரில் முதிய தாயாரையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு லாஹௌல் போனார். இரவு முழுவதும் வண்டி வெளியே நின்றது. காலையில் எஞ்சின் கிளம்பிற்று. ஆனால் ரேடியேட்டரில் கலவை பனிக்கூழாகி ஓட்டம் நின்றிருந்தது. சிறிது தூரம் போனதும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. சுற்றிலும் பனி கிடக்க, எஞ்சின் சூட்டினாற் கெட்டது! ஹெட் காஸ்கெட் எரிந்து, எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிட்டது. வண்டியை வேறொரு வண்டி கட்டி இழுத்து வரவேண்டியதாயிற்று. அதுவரையில் அம்மூதாட்டியும் குழந்தைகளும் சாலையோரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தனர். பழுது பார்க்க ஆன செலவு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகையை விழுங்கிற்று.

இதில் எவரும் தீங்கு நினைத்தாரல்லர். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்றதையே செய்தனர். ஆனால் இரண்டு தட்பவெப்பங்களில் வாழும் வண்டிக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டியவர் அதன் சொந்தக்காரர் ஒருவரே. நம் போன்று இரண்டு ஊர்களில் வேர் விட்டவர்க்கு இது மிகவும் வேண்டிய பாடம்.

ஈடு செய்வது எவ்வாறு?

முதலில் இருப்பதை அளந்து பார்க்க வேண்டும். கண்ணால் நிறத்தைக் கண்டு அளவு சொல்லுதல் எவராலும் ஆகாது. ஒளிவிலகலைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் சிறு கருவி இருக்கின்றது. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் எத்தனை டிகிரி வரையில் தாங்கும் என்பதைக் காட்டிவிடும். நல்ல பணிமனைகளில் இக்கருவி இருக்கும். கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

6 லிட்டர் கொள்ளும் வண்டியில் மருந்து மூன்றில் ஒரு பங்காக இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதனைப் பாதியாக்க, 1½ லிட்டரை வெளியே விட்டு, அவ்விடத்தில் 1½ லிட்டர் அடர் மருந்தை ஊற்ற வேண்டும். இருந்த 2 லிட்டர் மருந்தில் அரை லிட்டர் போய், ஒன்றரை லிட்டர் வந்து, 3 லிட்டர் ஆகின்றது. வெளியே விடாமல் மேலே ஊற்ற இடம் இராது என்பதையும் நோக்குக.

முழுவதும் கழுவிப் புதிதாக ஊற்றும்போது வேறொரு கண்ணி இருக்கின்றது. ரேடியேட்டரின் அடித்துளையைத் திறந்தால் முழு நீரும் வருவதில்லை. 6 லிட்டரில் 3½ லிட்டர் மட்டுமே வந்து, கழுவிய நீர் 2½ லிட்டர் எஞ்சினுக்குள் தங்கிவிட்டது என்போம். அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்த மருந்தை 3½ லிட்டர் ஊற்றினால், தேறும் மருந்து 1 லிட்டரும் 750 மில்லியும் மட்டுமே. அது நூற்றுக்கு 29 பங்கு. எனவே கழுவிய பின்னர் முதலில் 3 லிட்டர் அடர் மருந்தை ஊற்றி, பிறகு எஞ்சிய அரை லிட்டருக்கு நல்ல நீரை ஊற்றுதலே முறை. இறுதிக் கழுவலும் நல்ல நீராலேயே இருத்தல் வேண்டும்.

கடையில் வாங்கும்போது புட்டியின் மேற்சீட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். சில புட்டிகளில் இருப்பது அடர் மருந்து. அதில் நீர் கலக்க வேண்டும். வேறு சில முன்னமே நீர் கலந்து வருபவை. அவற்றில் நீர் கலக்கலாகாது. பாதி கலந்து வந்ததில் இன்னொரு பாதி நீர் சேர்த்தால் கால் பங்கு மருந்தாகி, தாங்கும் அளவு 37 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு வந்துவிடும். விலை மலிவென்று வாங்கும் கலந்த புட்டியில் எத்தனை பங்கு மருந்து உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். வெப்பநாட்டுக்கென்று கலந்ததில் அது பாதிக்குக் குறைவாகவே இருக்கக்கூடும்.

எந்த நீர்?

கலவையிற் பாதி நீரே ஆதலின், நீரின் தன்மையும் மருந்தின் தன்மைக்கு ஈடாகக் கவனிக்கத்தக்கது. தில்லியின் ஆழ்குழாய்க் கிணறுகளில் பல கடுநீர்க் கிணறுகள். வெந்நீர்க் கொதிகலனின் கம்பியில் வெள்ளையாகக் கட்டி நிற்பதை நம் இல்லங்களில் யாவரும் கண்டிருக்கின்றோம். அதே சுண்ணாம்புப் படிவு எஞ்சினின் நுண்வழிகளிலும் படிகின்றது. படிந்தால் வெப்பம் உலோகத்தினின்றும் நீருக்குக் கடப்பது தடைப்படுகின்றது. கடுநீரில் உள்ள உப்புக்கள் மருந்தின் துருத்தடுப்புப் பொருள்களையும் பிரித்து வீழ்த்திவிடும்.

இரயில்வேக்கு இப்பாடம் மிகப் பழையது. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், கடுநீர் கிடைக்கும் நிலையங்களில் நீரை மென்மையாக்க வேண்டியிருந்தது. பாய்லர்களைக் குறித்த காலத்தில் கழுவிப் படிவை நீக்குவதும் கட்டாயப் பணியாக இருந்தது. டீசல் எஞ்சின்களின் குளிர்நீரும் உப்பு நீக்கப்பட்டு, அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்கப்பட்ட நீரே. பல ஆயிரம் குதிரைத் திறன் கொண்ட பெரிய எஞ்சினுக்குக் காட்டும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கை நம் சிறு வண்டிக்குக் காட்டினால் போதும். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென விற்கும், காய்ச்சி வடித்த நீரை வாங்கி ஊற்றுக. விலை சிறிது, பயன் பெரிது. பேட்டரி அமிலத்தை அந்நீரென்று மயங்கி வாங்கிவிடாதபடி மேற்சீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தை நம்பலாமா?

பச்சை, சிவப்பு, நீலம், ஊதா எனப் பல நிறங்களில் இம்மருந்து விற்கப்படுகின்றது. பச்சையில் பச்சையும் சிவப்பில் சிவப்பும் ஊற்றினால் போதும் என்ற எண்ணம் பரவியிருக்கின்றது. சாயம் அந்தந்த நிறுவனத்தாரின் விருப்பம். எல்லார்க்கும் பொதுவான விதி ஏதும் இல்லை. வேறுபாடு இருப்பது துருத்தடுப்புப் பொருள்களில். பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புக்கள் இருக்கும். அது ஏறத்தாழ ஈராண்டில் வலிமை குன்றும். கரிம அமிலங்களைக் கொண்ட புதிய வகை ஐந்தாண்டு வரையிலும் உழைக்கும். இரண்டையும் சேர்த்தவையும் உள. வகை மாறிக் கலந்தால் காப்பு விரைவிற் குறையும்; சில வேளைகளில் களியாகத் திரண்டு வழியையும் அடைக்கும்.

ஆதலின் நிறத்தை விடுத்து, கையேட்டில் குறித்த தர எண்ணைப் பார்த்து வாங்குக. இந்தியத் தர எண் ஐ.எஸ். 5759, ஜப்பானியத் தர எண் ஜே.ஐ.எஸ். கே 2234, அமெரிக்கத் தர எண் ஏ.எஸ்.டி.எம். டி 3306. உள்ளே எவ்வகை இருக்கின்றது என்பது தெரியாத பழைய வண்டியானால், முழுவதும் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நலம். மின்சாரத்தால் ஓடும் வண்டிகளின் பேட்டரியைக் குளிர்விக்கும் திரவம் தனி வகையினது. அதில் நாமாக எதையும் ஊற்றலாகாது.

மலையில் கொதிப்பது ஏன்?

உறைதடுப்பு மருந்து கொதிப்பையும் தடுக்கின்றது என்பதைப் பலர் அறியார். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் திறந்த பாத்திரத்தில் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு எளிதில் வேகாததற்குக் காரணம் அதுவே. மலையேறும் எஞ்சினோ 90 டிகிரியிலும் ஓடும். ரேடியேட்டரின் மூடி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அளவு அழுத்தத்தைத் தேக்கிவைத்து இந்தக் கொதிப்பைத் தடுக்கின்றது. கடல் மட்டத்தில் அம்மூடியின் கீழே தனி நீர் 121 டிகிரியிலும், பாதிக் கலவை 129 டிகிரி அளவிலும் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நில்லாது. மலைமேல் வண்டி கொதிக்கும். ஆகவே மருந்தைப் பார்க்கும்போதே மூடியையும் பார்த்துவிட வேண்டும்.

சூடாக இருக்கும்போது அம்மூடியைத் திறத்தல் பெருந்தீங்கு. அழுத்தம் நீங்கிய கணத்தில் உள்ளிருக்கும் திரவம் முழுவதும் கொதித்து முகத்தின்மேல் பாயும். கையால் தொடத்தக்க அளவுக்கு ஆறும் வரையில் பொறுத்திருக்க வேண்டும். வழியில் எத்துணை அவசரமாயினும் இவ்விதியை மீறலாகாது.

தாய்மார்களும் தந்தையரும் கவனிக்க

இறுதியாகச் சொல்லப்போவது எஞ்சினைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. அதன் சுவையோ இனிப்பு. நிறமும் பழச்சாறு போல் அழகாக இருக்கும். குழந்தையோ தெருநாயோ ஒரு முறை நக்கினால் மீண்டும் நக்கத் தோன்றும். வளர்ந்த ஒருவர்க்கே ஏறத்தாழ 100 மில்லி, அதாவது ஒரு சிறு குவளை, உயிரைப் போக்கக்கூடியது. குழந்தைக்குச் சில மிடறுகளே போதும்.

உட்கொண்டவுடன் மது அருந்தியவர் போன்ற தள்ளாட்டமும் வாந்தியும் தோன்றும். அது தணிந்ததுபோல் காட்டி ஏமாற்றும். உடலுக்குள் அது மாறி அமிலங்களாகி, பின்னர்ச் சிறுநீரகங்களை அழிக்கும். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் காலம் தாழ்த்தாமல் கொடுத்தால்தான் பயன். எனவே ஐயம் தோன்றிய அப்பொழுதே, வீட்டு வைத்தியம் எதுவும் பாராமல், மருந்துப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நச்சு முறிவு பற்றி மருத்துவர்க்கு இரவும் பகலும் ஆலோசனை கூறும் நிலையம் ஒன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்குகின்றது.

நம் இல்லங்களிற் பெரும்பாலானவை இரண்டறைக் குடியிருப்புகள். வண்டிச் சாமான் வைக்கும் அறை தனியே இல்லை; பால்கனியில் அரிசி மூட்டைக்கும் தண்ணீர்க் கேனுக்கும் பக்கத்திலேயே இப்புட்டியும் இடம் பெறுகின்றது. அவ்வாறு வைத்தலாகாது. குழந்தை எட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டியில், வாங்கிய புட்டியிலேயே வைக்க வேண்டும். மிச்சத்தைக் குடிநீர்ப் புட்டியிலோ சர்பத்துப் புட்டியிலோ மாற்றி வைத்தலும், காலியான புட்டியில் எண்ணெய் வாங்கி வருதலும் அறவே கூடா. வெளியே வடித்ததை மண்ணிலும் சாக்கடையிலும் கொட்டாமல் பணிமனையாரிடமே ஒப்படைக்க வேண்டும். புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு குறைந்த வகையும் உண்டு. வண்டி செய்தவர் அதனை ஒப்பியிருந்தால் கைக்குழந்தை உள்ள வீட்டார் அதை நாடலாம்.

மலைக்குப் புறப்பட நாட்குறித்தவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே பணிமனைக்குப் போய், கருவியால் அளந்து, குறைந்திருந்தால் ஈடு செய்து, மூடியையும் ஹோஸ் பைப்புக்களையும் பார்த்துக்கொள்க. பின்னிருக்கையில் கம்பளியோடு பாதிக்குப் பாதி கலந்த மருந்து 1 லிட்டரையும் பத்திரமாக மூடி எடுத்துச் செல்க. வழியில் குறைந்தால் கலவையையே ஊற்றுக. வேறு வழியின்றி நீர் ஊற்ற நேர்ந்தால், எத்தனை லிட்டர் என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வண்டியிலேயே வைத்திருங்கள். குளிர்காலத்தில் அக்குறிப்பைப் பார்த்துக் கணக்குப் போட ஐந்து நிமிடமும் ஆகாது.